முதல் கேமரா: பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு?

புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாடியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை மெகாபிக்சல், கேனானா நிக்கானா, எந்த வருஷத்து மாடல் என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுக் கையிலிருக்கும் பணம் முழுவதையும் அதிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பெட்டியோடு வந்த கிட் லென்ஸை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதற்கு நேர்மாறான கணக்கு. குறைந்த பணத்தில் தொடங்குகிறவர் பாடியில் ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படிகூட இறங்கி வாங்கலாம். மிச்சமாகும் பணத்தை, ஒளியை நிறைய உள்ளே விடும் ஒரு லென்ஸிலும் ஆட்டம் காணாத ஒரு ட்ரைபாடிலும் போட வேண்டும். இது ஏன் என்பதைக் கடை விளம்பரத்தை வைத்து அலசிப் பயனில்லை. படம் எடுக்கும் இடத்தை வைத்துத்தான் அலச வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில் அதற்குத் தோதான இடம்.

மாணிக்கவாசகரின் பேரோடு சேர்ந்தே வழங்கும் திருப்பெருந்துறை இதுதான். கருவறையில் லிங்கத் திருமேனி கிடையாது, அதன் பீடமான ஆவுடையார் மட்டுமே. படமெடுக்கிறவருக்கோ இங்கே முதல் ஈர்ப்பு கொடுங்கை, அதாவது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பு. கருங்கல்லை மரச்சட்டம்போல இழைத்து, சட்டங்களைக் கம்பியும் ஆணியும் பிணைப்பதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ மற்ற வேலைகளைச் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள் என்றொரு பேச்சு சிற்பிகள் வட்டாரத்தில் உண்டு. தூண்களில் வீரபத்திரர், குறவன், குறத்தி என ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. இவை எல்லாமே கூரைக்குக் கீழே, நிழலில் இருப்பவை. கோயில் தெற்கு நோக்கியது என்பதும் கணக்கில் சேரும். இவ்வூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி வரை உச்சிவெயில் தலைக்குச் சற்று வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆனித் திருமஞ்சனத்தின்போது முன்மண்டபத்தில் நண்பகல் வெயில் நேராக விழாது. மார்கழித் திருவாதிரையின்போது அதே வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து தூணின் ஒரு பாதியைச் சுட்டெரிக்கும், மறுபாதி கரியாகத் தெரியும். ஒன்று மங்கல், மற்றொன்று முரண். இந்த இரண்டையும் சமாளிப்பதுதான் இங்கே கேமராவின் வேலை.

மங்கலான மண்டபத்தில் ஒரு கணக்கு

திறந்தவெளி வெயிலோடு ஒப்பிட்டால் கல்மண்டபத்தின் உட்பகுதியில் வெளிச்சம் சில நூறு மடங்கு குறைவு. கண் உடனே பழகிக்கொள்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. மண்டபத்தின் உள்ளே ஓரளவு வெளிச்சமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். 18–55 மி.மீ. கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வைத்தாலும் ஷட்டர் ஸ்பீடு விநாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், எஃப் 1.8 லென்ஸ் போட்டால் முந்நூறில் ஒரு பங்கு கிடைக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், ஏறத்தாழ பத்து வரும். அந்தப் பத்து மடங்கு ஒளிதான் இந்த வித்தியாசம். விநாடியில் முப்பதில் ஒரு பங்கில் கல் சிற்பம் தப்பிப் பிழைக்கலாம். நாகஸ்வரக்காரரின் விரலும், தீபாராதனைக்குக் கூப்பும் கையும், ஓடி வரும் குழந்தையும் பிழைக்கமாட்டா. ஒரு தலைமுறை பழைய பாடியையும் புதிய பாடியையும் பக்கத்தில் வைத்து ஐஎஸ்ஓ திறனைப் பார்த்தால், தொடக்கநிலைக் கேமராக்களில் வேறுபாடு பெரும்பாலும் இரண்டு மடங்கைத் தாண்டுவதில்லை. பாடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டு மடங்கையே தேடித் தருகிறது என்றால், பத்து மடங்கு தரும் இடத்துக்குப் பணத்தைத் திருப்புவதுதானே முறை?

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு உண்மையும் தெரியவருகிறது. ‘என் போனே இதைவிட நன்றாக எடுக்கிறது’ என்று டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பல நேரம் சரிதான். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு கேனானில் சுமார் 330 சதுர மி.மீ., நிக்கானில் சுமார் 366. போன் சென்சார் இதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எஃப் 1.8 லென்ஸுள்ள போன் திரட்டும் மொத்த ஒளியும், எஃப் 5.6-ல் நிற்கும் கிட் லென்ஸ் வழியாக டிஎஸ்எல்ஆர் திரட்டும் மொத்த ஒளியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. போதாக்குறைக்குப் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, ஒளி போதாமல் படத்தில் விழும் புள்ளிகளைத் துடைத்தும் விடுகிறது. பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணத்தை ஒரு மங்கல் லென்ஸ் விழுங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். எஃப் 1.8 லென்ஸை மாட்டும் கணத்தில்தான் டிஎஸ்எல்ஆர் தன் விலைக்கு நியாயம் செய்யத் தொடங்குகிறது.

அப்படியானால் எந்த லென்ஸ்? இதையும் இடமே சொல்லும். இரண்டு மீட்டர் உயரச் சிற்பம் ஒன்றை, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி முழுதாக எடுக்க வேண்டும் என்று வையுங்கள். நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸுக்கு மூன்று மீட்டர் பின்வாங்கினால் போதும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு நாலரை மீட்டர் வேண்டும். தூண் வரிசைகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் பின்னே போக வழியிருக்காது, போனாலும் இன்னொரு தூண் குறுக்கே வரும். ஆகவே தூண் சிற்பம், வீட்டு விசேஷம், வகுப்பறை என நெருக்கமான இடங்களுக்கு 35-ஐ ஒட்டிய லென்ஸ்தான் உதவும். கொடுங்கையின் ஆணித் தலைகளையும் முகங்களையும் தனித்து எடுக்க 50 நன்று. கேனான் பக்கம் 35-க்கு ஈடாக 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் உண்டு. ஒளியில் சற்றுக் குறைந்தாலும் பார்வை அகலம். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவு சிறியது. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டையும் கண்மாய்ப் பறவைகளையும் எடுக்க நினைப்பவருக்கு வேண்டியது வேறு. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் சிக்கல். அவர்கள் 55–250 அல்லது 70–300 போன்ற டெலி ஜூமை வாங்கினால் போதும், எஃப் 1.8-க்குச் செலவழிக்கத் தேவையில்லை. கிட் லென்ஸைத் தூக்கி எறியவும் வேண்டாம். பகலில் கோபுரத்தையும் குளத்தையும் 18 மி.மீ.-ல் எடுக்க அது தாராளம். வாங்கும்போது கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்ற எழுத்துகள் லென்ஸில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அந்த வசதி இல்லாத பதிப்புகளும் சந்தையில் உண்டு.

பாடியில் எதை விடலாம், எதை விடக் கூடாது

முதலில் விடக்கூடியது மெகாபிக்சல். 2018-ல் வந்த கேனான் 3000டி 18 மெகாபிக்சல், அதே ஆண்டின் 1500டி 24. கல்யாண ஆல்பத்தின் 18 அங்குல அகலப் பக்கத்தில் அச்சிட்டால் முன்னதில் அங்குலத்துக்கு 288 புள்ளிகள், பின்னதில் 333. ஆல்பத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போன் திரையில் பார்ப்பதற்கோ இரண்டுமே தேவைக்கு அதிகம். விடக் கூடாதது திரும்பும் திரை. கொடுங்கை தலைக்கு மேலே இருக்கிறது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து அண்ணாந்து நின்றால் கழுத்து வலிக்கும், கேமராவும் கோணும். திரையை மடக்கித் திருப்பும் வசதியிருந்தால் கேமராவை ட்ரைபாடில் தாழ்வாக வானம் பார்க்க வைத்துவிட்டு, குனிந்து திரையைப் பார்த்தே சட்டங்களின் வரிசையை நேராக்கிக்கொள்ளலாம். 1500டி, 3000டி, நிக்கான் டி3500 மூன்றிலும் திரை அசையாது. கேனான் 700டி, 200டி, நிக்கான் டி5300, டி5600 ஆகியவற்றில் திரை திரும்பும். கடையில் புதிதாகக் கிடைக்கும் 1500டி-யைவிட, நல்ல நிலையிலுள்ள செகண்ட் ஹேண்ட் டி5300 அல்லது 200டி இந்த ஊருக்கு மேலான தேர்வு என்று சொல்ல இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அது என் வாதத்துக்கே ஒரு வரம்பு போடுகிறது. லென்ஸால் தீராத குறை ஒன்று உண்டு. மார்கழி வெயிலில் பாதி வெளுத்துப் பாதி இருண்டு நிற்கும் தூணில் எவ்வளவு ஒளியை உள்ளே விட்டாலும் முரண் குறையாது. வெளுப்புக்கு ஏற்ப எடுத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பிலிருந்து இருட்டுப் பகுதியைப் பின்னால் தூக்கிக்கொள்வதுதான் வழி. அப்படித் தூக்கும்போது 700டி தலைமுறைக் கேனான்களில் இருட்டில் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அதே காலத்து நிக்கான் டி5300 இதில் தெளிவாக முந்துகிறது. கேனானில் 2017-ன் 200டி இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. ஆகவே பாடி எதுவானாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. பாடிக்குக் காசு கொடுப்பதென்றால் இருட்டைத் தூக்கும் திறனுக்கும் திரும்பும் திரைக்கும் கொடுங்கள், மெகாபிக்சலுக்கும் புது மாடல் என்ற பேருக்கும் கொடுக்காதீர்கள் என்கிறேன். நிக்கான் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கினால், கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று லென்ஸில் எழுதியிருக்க வேண்டும். பழைய பாடிகள் சிலவற்றில் ஏஎஃப்-பி லென்ஸும் முரண்டு பிடிக்கும் என்பதால், வாங்கும் முன் பாடியில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ட்ரைபாடை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கல்லைப் படம் எடுப்பவருக்கு அது லென்ஸுக்கு அடுத்த அவசியம். சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளரான லின்னேயஸ் டிரைப் 1858-ல் புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுதியாகவே வெளியிட்டார். அவரிடம் இருந்தவை காகித நெகட்டிவும் நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டிய பெரிய கேமராவும். இன்றைய எந்தத் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரும் ஒளியுணர்வில் அதைவிடப் பலமடங்கு மேல். ஆனாலும் அந்தப் படங்கள் நிற்கின்றன. கல் அசையாது, கேமராவும் அசையவில்லை. ட்ரைபாடும் இரண்டு விநாடி டைமரும் இருந்தால் ஐஎஸ்ஓவை 100-க்கே இறக்கி அரை விநாடி, ஒரு விநாடி என்று எடுக்கலாம், உளித்தடம்கூடத் தெரியும். ஆனால் ட்ரைபாட் விரிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. கேமராவுக்கும் ட்ரைபாடுக்கும் கோயில் அலுவலகத்தில் அனுமதி பெறுவதுதான் முறை. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு வாசலிலேயே கெடுபிடி கூடியிருப்பது இயல்பு. ஃபிளாஷை மறந்துவிடுங்கள். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், பாடியோடு ஒட்டிய ஃபிளாஷ் நேர் எதிரிலிருந்து பாய்வதால் சிற்பத்துக்குத் திரட்சி தரும் நிழல்களையே அழித்துவிடும்.

எதிர்க்கேள்விகள்

டிஎஸ்எல்ஆரே முடிந்துபோன சங்கதி, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் இதை ஏன் வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சோனி தன் டிஎஸ்எல்ஆர் வகைகளை 2021-ல் நிறுத்திவிட்டது. கேனானும் நிக்கானும் புதிய ஆராய்ச்சியை மிரர்லெஸ் பக்கம் திருப்பியாகிவிட்டது, டி3500-க்கு வாரிசு வரவில்லை. வீடியோவே முதன்மை என்றால், அல்லது கேனான் ஆர்50 போன்ற ஒன்றையும் அதற்கேற்ற ஒளி மிகுந்த லென்ஸையும் சேர்த்து வாங்கப் பணம் இருந்தால், அதையே வாங்குங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் அதன் ஃபோகஸ் மேலானது. பணம் அங்கே மிரர்லெஸ் பாடியோடும் கிட் லென்ஸோடும் தீர்ந்துவிடுமென்றால் மண்டபத்துக்குள் பழைய சிக்கலே திரும்ப வரும். பலர் மிரர்லெஸுக்கு மாறியதால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இறங்கிய விலைக்குக் கிடைக்கின்றன. இன்று வாங்கும் கேனான் 50 மி.மீ.-ஐ நாளை அடாப்டர் போட்டு ஆர் வரிசைப் பாடியில் மாட்டலாம். நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கும் இசட் வரிசையில் அதே வழி உண்டு. பாடி பழசாகும், லென்ஸ் கூடவே வரும். பேட்டரி விஷயத்திலும் டிஎஸ்எல்ஆர் கை கொடுக்கிறது. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படங்கள் எடுக்கும் என்பது தரநிலைச் சோதனைக் கணக்கு. நாள் முழுதும் திருவிழாவில் நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

மென்பொருள் இப்போது புள்ளிகளை அழகாகத் துடைத்துவிடுகிறதே, ஐஎஸ்ஓவை ஏற்றிக் கிட் லென்ஸிலேயே எடுத்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். கல்லுக்கு அது ஓரளவு சரி. ஆனால் மென்பொருள் துடைப்பது புள்ளிகளை. அசைந்து கலைந்த முகத்தை உள்ளபடி மீட்டுத் தர அதனால் ஆகாது. ஷட்டர் ஸ்பீடு கிடைக்க வேண்டியது எடுக்கும் அந்தக் கணத்தில்.

செகண்ட் ஹேண்டில் ஏமாந்துவிடுவோமே என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பயம் நியாயமானது, சோதனை இருந்தால் அடக்கலாம். தொடக்கநிலைப் பாடிகளின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் படம் வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே ஷட்டர் கவுண்ட் பதிவாகும். கேனான் தொடக்கநிலைகளில் அது எளிதில் தெரியாது, கிரிப்பின் தேய்மானத்தையும் பட்டன்களின் நிறம் போனதையும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். லென்ஸைக் கழற்றி அபர்ச்சரைத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வங்கக் கடல் பக்கத்தில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை ஈரம் இந்தப் பக்கத்து லென்ஸ்களுக்கு எமன். நீங்கள் வாங்கியதையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். எஃப் 16-ல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் மேலுள்ள அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், கீறல் போகாது. புதியது வாங்குவதென்றால் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் இல்லாத ‘இறக்குமதி’ மலிவுக்கு மயங்க வேண்டாம். பழுது பார்க்க எப்படியும் பெரிய ஊருக்குப் பஸ் ஏற வேண்டியவர், வாரண்டியும் இல்லாமல் ஏறக் கூடாது.

இனி கணக்கை முடிப்போம். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறதென்றால் பாடியும் கிட் லென்ஸும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது. கால்பங்கு எஃப் 1.8 லென்ஸுக்கு. மீதிக் கால்பங்கில் ட்ரைபாட், ஒரு உபரி பேட்டரி, மெமரி கார்டு, காற்றுப் புகாத டப்பா. இந்தப் பங்கீட்டில் இடிக்கிறதென்றால் பாடியில்தான் குறைக்க வேண்டும், லென்ஸில் கை வைக்கக் கூடாது. எடுக்கப்போவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மட்டும் என்றால் எதையுமே வாங்க வேண்டாம், போன் போதும். வாங்குவது என்று முடிவானால் கடையில் கண்ணாடிக் கதவருகே, வெயில் விழும் இடத்தில் கேமராவை நீட்டுவார்கள். அங்கே எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். நீங்கள் கடையின் உள்மூலைக்குப் போங்கள், ஃபிளாஷை அணையுங்கள், ஐஎஸ்ஓவை 1600-ல் நிறுத்துங்கள். கடைக்காரரைக் கையசைக்கச் சொல்லி, கிட் லென்ஸில் ஒரு படமும் எஃப் 1.8 லென்ஸில் ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன்பிறகு எதற்குப் பணம் கொடுப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.